பரணில் கிடக்கும் சிப்பாய்களைக் கீழே இறக்குங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கொலு பொம்மைப் பெட்டி இருக்கிறதா? அதில் சாமி பொம்மைகளுக்கு நடுவே துப்பாக்கி ஏந்திய சிப்பாய், குதிரை வீரன், பேண்டு வாத்தியக்காரன், பீரங்கிக்காரன் என்று ஒரு பட்டாளம் கிடக்கிறதா? அதைத் தூக்கி எறியாதீர்கள். மொத்தமாகக் கொண்டுபோய்ப் பளபளவென்று ஸ்பிரே அடித்தும் வாங்கி வராதீர்கள். வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே வண்ணம் பூசுங்கள். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு பொம்மையையும் கையில் எடுத்து, "நீ யாரப்பா? யாருக்காகத் துப்பாக்கி தூக்கினாய்?" என்று கேளுங்கள்.

முப்பத்து மூன்று வருஷம் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் செய்யாத வேலையை ஒரு சீரோ நம்பர் பிரஷ் செய்யும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? ஒவ்வொரு வருஷமும் நவராத்திரி முடிந்ததும் பாருங்கள். ஏரிக்கரையிலும் அரசமரத்தடியிலும் பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். "சென்னையில ஃபிளாட்டுக்குப் போறோம் சார், வைக்க இடமில்ல" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சாமி பொம்மையை எறிய யாருக்கும் மனசு வருவதில்லை. அதை யாராவது உறவினரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். முதலில் வெளியே போவது சிப்பாய்தான். போரிலும் அவன்தான் முதலில் செத்தான், பொம்மையிலும் அவன்தான் முதலில் குப்பைக்குப் போகிறான்.

எங்கள் வீட்டுப் பட்டாளத்தில் 43 பேர். அம்மா வருஷத்துக்கு இரண்டு மூன்றாகக் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிச் சேர்த்தவை. ஒரு சாண் உயரம். சில மண், சில காகிதக்கூழ். நான் வேலையில் இருந்த காலத்தில் சிலவற்றை வகுப்புக்கு எடுத்துப்போய், ஒரு பெரிய தாம்பாளத்தில் மணலைக் கொட்டி, ஏரி, கரை, ஊர் எல்லாம் அமைத்துப் போர்ப் பாடம் நடத்துவேன். அப்புறம் டிரங்குப் பெட்டிக்குள் போனவை பதினொரு வருஷம் வெளிச்சம் பார்க்கவில்லை. போன வருஷம்தான் இறக்கினேன். கை உடைந்தவை, மூக்கு போனவை, வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தவை. அன்றிலிருந்து தினம் காலையில் இரண்டு மணி நேரம் திண்ணையில் இதுதான் வேலை.

"ரிடையர் ஆனவருக்குப் பொழுது போகணுமே" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மேல்நாட்டில் இது பெரிய கலை. இங்கிலாந்தில் 1893-இல் பிரிட்டன் என்ற கம்பெனி உள்ளே குழிவான ஈயச் சிப்பாய் பொம்மைகளை வார்க்க ஆரம்பித்தது. அந்த வரிசையில் நம் இந்தியப் படைப்பிரிவுகளும் உண்டு. அறிவியல் கதைகள் எழுதிய எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் விளையாடுவதற்கு விதிகள் வகுத்து ஒரு புத்தகமே எழுதினார். அதற்கும் முன்னால், 1824-இல் பிரஷ்யா நாட்டுப் படை தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க வரைபடத்தின்மேல் விளையாடும் போர் விளையாட்டைக் கையில் எடுத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்களுக்குப் பூதக்கண்ணாடி வைத்து வண்ணம் பூசுகிறவர்கள் ஏராளம். வாங்கிக் குவித்துவிட்டு வண்ணம் பூசாமல் வருஷக்கணக்கில் போட்டு வைத்திருப்பதை 'ஈயமலை' என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். நம் வீட்டுப் பரண்களில் இருப்பது மண்மலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்களிடம் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் உண்டு. எந்த வருஷம், எந்தப் போர், எந்தப் படைப்பிரிவு என்று தெரியாமல் சட்டைக்கு நிறம் வைக்க மாட்டார்கள். காலர் என்ன நிறம், பித்தானுக்கு என்ன நிறம் என்று தேடித் தேடிப் படிப்பார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்தார். இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கக் கனவு முடிந்தது. விடை முடிந்தது, மார்க்கும் கிடைத்தது.

இப்போது பிரஷைக் கையில் எடுங்கள். ஆங்கிலேயன் சட்டை சிவப்பு, பிரெஞ்சுக்காரன் சட்டை வெள்ளை. சரி, லாலியின் பெயரிலேயே இருந்த படைப்பிரிவுக்கு என்ன நிறம்? அதுவும் சிவப்புதான்! லாலியின் தகப்பனார் அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போனவர். பிரெஞ்சு மன்னரிடம் சேவகம் பார்த்த அயர்லாந்துப் பிரிவுகள் சிவப்புச் சட்டைதான் போட்டன. சிவப்புச் சட்டைக்காரன் எல்லாம் ஆங்கிலேயன் என்று நினைத்துப் பூசினால், லாலியின் ஆட்களை லாலிக்கு எதிராகவே நிறுத்திவிடுவீர்கள். எதிரே நின்ற அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். அயர்லாந்துக்காரன் ஏன் பிரான்சுக்காக வந்தவாசியில் வந்து சண்டை போட்டான் என்று ஒரு பிள்ளை கேட்டால், அங்கே வரலாறு ஆரம்பிக்கிறது. அந்தக் கேள்வி இரண்டு மார்க் விடையிலிருந்து வராது. சட்டைக்கு நிறம் தேடும்போதுதான் வரும்.

அடுத்தது முகம். பழைய பொம்மைகளில் சிப்பாய் முகமெல்லாம் ரோஜா நிறம். கன்னத்தில் செம்பொட்டு, கண்ணில் நீலம்கூட உண்டு. துப்பாக்கியும் கோட்டும் இருந்தால் அவன் துரை என்பது ஒரு எண்ணம். ஆனால் வந்தவாசியில் யார் நின்றார்கள்? கூட் பக்கம் ஐரோப்பியர் 2,000 பேருக்குச் சற்றுக் குறைவு, இந்தியச் சிப்பாய்கள் சுமார் 2,100 பேர். லாலி பக்கம் ஐரோப்பியர் 2,000 பேருக்கு மேல், சிப்பாய்கள் சுமார் 1,300 பேர். அன்றைய சண்டையின் பெரும்பகுதியை ஐரோப்பியரே போட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு வரிசையிலும் நம் நிறத்து ஆட்கள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

இருபது வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர். பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூர்தான். ஹைதர் அலியும் திப்புவும் ஒரு பக்கம், கம்பெனியின் கர்னல் பெய்லி மறுபக்கம். பெய்லியின் படை ஏறத்தாழ 3,800 பேர். அதில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மைசூர்க்காரர்கள் இரும்புக் குழல் வைத்த ராக்கெட்டுகளை விட்டார்கள். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை அழிந்தது. பெய்லி சிறைபிடிக்கப்பட்டார். பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சேதி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார்.

இந்தப் போரைத் திப்பு சும்மா விடவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1784-இல் பெரிய ஓவியமாகவே எழுதவைத்தார். பெய்லி பல்லக்கில் இருப்பார். வெடிமருந்து வண்டி வெடிக்கும். சுற்றிலும் குதிரைகள். போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். ஜெயித்தவர் வரைந்த படம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிலேயே இறந்தார். அவருக்கு அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. 1781-இல் அதே புள்ளலூர்ப் பக்கம் நடந்த இரண்டாம் போரில் இறந்த கம்பெனி அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத் தூண்கள் நிற்கின்றன. சிப்பாய்க்கு? இந்தச் செம்மண்ணில் செத்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களும் யாரோ ஒரு குடியானவனின் பிள்ளைகள்தான். சம்பளத்துக்காகப் போனவர்கள். இந்தப் பக்கம் சம்பளம் பாக்கி என்றால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களை வீரர் என்று கொண்டாடவும் வேண்டாம், துரோகி என்று திட்டவும் வேண்டாம். அவர்கள் இருந்தார்கள் என்றாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அதனால்தான் சொல்கிறேன். முகத்தில் வண்ணம் முழுக்கப் போய்விட்ட சிப்பாய்களுக்கு நான் ரோஜா நிறம் பூசவில்லை. நம் நிறம் பூசினேன். அதிலும் ஒரே நிறம் இல்லை. கறுப்பு, மாநிறம், செம்மண் நிறம் என்று ஆளுக்கு ஒன்று. அக்கால ஓவியங்களில் கம்பெனி சிப்பாய் எப்படி இருக்கிறான் தெரியுமா? மேலே சிவப்புச் சட்டை, கீழே தொடையளவு வெள்ளை அரைக்கால் சட்டை, தலையில் பாகை, முழங்காலுக்குக் கீழே வெறுங்கால். மேலே சீமை, கீழே நம்மூர். அந்தக் கோலத்தைப் பூசி முடித்துப் பார்த்தால் ஒரு முழுப் பாடமே அதில் இருக்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். நேரில் கேட்டவர்கள் பலர்.

முதல் கேள்வி: "பழைய பொம்மைக்குப் புது வண்ணம் பூசினால் பழமை போய்விடாதா சார்?" நியாயமான கேள்வி. அந்தப் பொம்மையைச் செய்தவர் தன் காலத்துக் கண்ணால் சிப்பாயைப் பார்த்து ரோஜா நிறம் வைத்தார். அதுவும் ஒரு ஆவணம்தான். ஆகவே என் விதி இது: பழைய வண்ணம் நன்றாக இருக்கும் இடத்தில் கை வைக்காதே. உதிர்ந்த இடத்தில் மட்டும் பூசு. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை, எவ்வளவு சிதைந்திருந்தாலும், தூசி மட்டும் துடைத்து அப்படியே வை. பூசும் முன் ஒரு போட்டோ எடுத்து வை. எங்கள் 43 பேரில் ஆறு பேரை நான் தொடவே இல்லை. ரோஜா முகத்தோடு அவர்கள் நிற்கட்டும். பக்கத்தில் மாநிற முகத்தையும் வைத்தால், "இரண்டும் ஏன் வேற வேற?" என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

இரண்டாவது: "துப்பாக்கி பொம்மையைக் கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சண்டை கற்றுத்தரலாமா?" செல்போனில் நாள் முழுக்கச் சுடுகிறார்களே, அதைவிடவா? அங்கே சுட்டவன் மறுபடி எழுந்துவிடுகிறான். இங்கே ஒரு வாரம் உட்கார்ந்து கண், மீசை, பித்தான் என்று பூசிய சிப்பாயை மணல் தாம்பாளத்தில் ‘இவன் செத்துட்டான்’ என்று படுக்கவைக்க ஒரு பிள்ளைக்கு எளிதில் மனசு வராது. நான் பார்த்திருக்கிறேன். வெல்ஸும் தன் புத்தகத்தின் முடிவில் இந்தச் சின்னப் போரை நாலு தடவை விளையாடிப் பார்த்தாலே பெரிய போர் எவ்வளவு முட்டாள்தனம் என்று புரியும் என்கிற பொருளில்தான் எழுதினார். பரிதாபம், அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வந்தது.

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது: "எல்லாரும் வீட்டிலேயே பூசிக்கொண்டால் பொம்மைக்காரர் பிழைப்பு என்ன ஆவது?" சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் உள்ள அந்தத் தெருவுக்கு அஸ்தகிரி தெரு என்று பெயர். ஆனால் பொம்மைக்காரத் தெரு என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பொம்மை. அச்சில் வார்ப்பது, காய வைப்பது, வண்ணம் வைப்பது என்று குடும்பமே உட்கார்ந்து வேலை செய்யும். ஆனால் விற்பனை எல்லாம் புரட்டாசியை ஒட்டிய கொஞ்ச நாளில்தான். மழை பிடித்துக்கொண்டால் பொம்மை காயாது. அச்சில் வார்த்து வரும் மலிவுப் பொம்மைகளோடு போட்டி வேறு.

இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் அவர்களிடம் பேரம் பேசிக்கொண்டு போக வேண்டாம். ஆனால் உடைந்த கை, காணாமல் போன தலை, இரண்டாகப் பிளந்த குதிரை, இதெல்லாம் நம்மால் ஆகாது. அதை அவர்களிடம் கொடுங்கள். கொடுப்பதைப் புரட்டாசிக்கு முன்னால் கொண்டுபோய்க் கழுத்தில் உட்காராமல், சித்திரை வைகாசியில் கொடுங்கள். கை காலியாக இருக்கும் மாதத்தில் நாலு காசு வந்தால் அவர்களுக்கு உதவி. நமக்கும் நிதானமான வேலை கிடைக்கும். நான் போன சித்திரையில் ஏழு பொம்மை கொண்டுபோனேன். வயதான ஒருவர் ஒரு சிப்பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது எங்கப்பா காலத்து அச்சு. இப்ப இந்த அச்சே இல்ல" என்றார். அந்தப் பொம்மையிலிருந்து மறுபடி அச்சு எடுக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் ஏரிக்கரையில் போட்டுவிட்டுப் போகும் பொம்மை ஒருவேளை ஒரு அச்சின் கடைசிப் பிரதியாக இருக்கலாம். இதை மட்டுமாவது யோசியுங்கள்.

சரி, எப்படிப் பூசுவது? தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் பொம்மை எதனால் ஆனது என்று பாருங்கள். கனமாக இருந்தால் மண். லேசாக இருந்து, தட்டினால் டொக் டொக்கென்று கேட்டால் காகிதக்கூழ். இரண்டையும் தண்ணீரில் முக்காதீர்கள். சுடாத மண் கரையும், காகிதக்கூழ் ஊறி உப்பும். காய்ந்த மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டுங்கள். அழுக்கு இருந்தால் துணியை நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

அடுத்தது பெரிய எச்சரிக்கை. உரிந்து நிற்கும் பழைய வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈயத் தூள் பிள்ளைகள் உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். செதில் உதிர்ந்தால் ஈரத்துணியால் எடுத்து, பொட்டலம் கட்டிப் போடுங்கள். இந்தக் கட்டம் பெரியவர்கள் வேலை. சிறுசுகள் அப்புறம் வரட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

விரிசலுக்குச் சாக்பீஸ் தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைக்கலாம். வாத்தியார் வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம்? காகிதக்கூழ் பொம்மைக்குச் செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழில் பசை சேர்த்து அடையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஒட்டுப்போட்ட இடத்தில் வெள்ளை பிரைமர் ஒரு பூச்சு. அப்புறம் நிறம்.

எனாமல் பெயிண்ட் வேண்டாம் என்பது என் கட்சி. பளபளப்பில் சிப்பாய் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுவான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும். அடிநிறம் காய்ந்ததும், அதே நிறத்தைவிடக் கொஞ்சம் கறுத்த நிறத்தைத் தண்ணியாகக் கரைத்து மடிப்புகளில் ஓடவிடுங்கள். சட்டை மடிப்பு தானாக எழுந்து வரும். மேட்டுப் பகுதிகளில் கொஞ்சம் வெளிர் நிறத்தைத் தொட்டு, பிரஷைத் துணியில் ஒற்றிக் காயவைத்து லேசாகத் தடவுங்கள். வெயில் விழுந்த மாதிரி இருக்கும். தங்க நிறத்தைத் தகடு தகடாக அப்ப வேண்டாம். சிப்பாய் கல்யாணத்துக்குப் போகவில்லை.

கண்ணைக் கடைசியில் வையுங்கள். கோயில் சிலைக்கு ஸ்தபதி கண் திறப்பது கடைசியில்தானே? பொம்மைக்கும் அதுதான் முறை. கண் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, சுண்டுவிரலைப் பொம்மையின் தோளில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. அறுபதைத் தாண்டியவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. எல்லாச் சிப்பாய்களையும் பூசி மணலில் நிறுத்தினால் ஒன்று உறுத்தும். இரண்டு பக்கமும் படை இருக்கிறது, நடுவே இருந்த ஊர் எங்கே?

வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தன் இடது பக்கத்துக்கு அரணாக வைத்துக்கொண்டது ஒரு குளக்கரையை. யார் வெட்டிய குளம்? யார் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர்? நம் உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில் முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையில் ஆள் எடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அப்படி எடுத்த ஆட்களைக் கொண்டு அமைத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காக்க ஒரு குழுவே வைத்திருந்த சீமை இது. அதே சீமைதான் 1780 படையெடுப்பில் பாழாகிக் கிடந்தது என்று கம்பெனியின் ஆவணங்களே சொல்கின்றன. ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்து கிடந்தன. 1790-களில் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இறங்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நெல் போனது குடியானவனுக்குத்தான்.

கொலுவில் செட்டியார் கடை இருக்கும், கல்யாண ஊர்வலம் இருக்கும். ஊரை விட்டு ஓடும் குடும்பம் இருக்காது. அதனால் காகிதக்கூழில் நானே ஒன்று செய்தேன். தலையில் மூட்டையோடு ஒரு பெண், இடுப்பில் குழந்தை, முன்னால் மாட்டை ஓட்டிப்போகும் ஒரு ஆள். அழகாக வரவில்லை; மாடு ஆடு மாதிரி இருக்கிறது. வண்ணம் பூசியது என் பேத்தி. பூசிக்கொண்டே, "தாத்தா, இவங்க எந்தப் பக்கம்? சிவப்பா, வெள்ளையா?" என்று கேட்டாள். எந்தப் பக்கமும் இல்லை கண்ணு என்றேன். "அப்ப இவங்களுக்கு என்ன கலர் வேணாலும் அடிக்கலாமா?" என்றாள். அடித்தாள். புடவை பச்சை, மூட்டை மஞ்சள்.

அந்த மூன்று பேரையும் இரண்டு படைக்கும் நடுவில் வைத்தேன். அதன் பிறகு பார்க்க வந்த பிள்ளைகள் யாரும் "யார் சார் ஜெயிச்சாங்க?" என்று முதலில் கேட்கவில்லை. "இவங்க என்ன ஆனாங்க?" என்றுதான் கேட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கை மூன்றுதான். ஒன்று, இந்தக் கோடை விடுமுறைக்குள் பெட்டியைக் கீழே இறக்குங்கள். இரண்டு, உங்களுக்கு வேண்டாம் என்றால் ஏரிக்கரைக்குக் கொண்டுபோகாமல், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பேசிச் சமூக அறிவியல் வகுப்புக்குக் கொடுங்கள். ஒரு மேசை, இரண்டு கூடை மணல், ஒரு வரைபடம் போதும், பணம் தேவையில்லை. மூன்று, உங்கள் வீட்டுப் பொம்மைகளை யார் வாங்கினார்கள், எங்கே வாங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பொம்மையின் அடியில் ஒட்டி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

உங்கள் வீட்டுச் சிப்பாய்களின் படத்தைக் கீழே கமெண்டில் போடுங்கள். சட்டை நிறத்தில் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. அதில் ஒரு குதிரைக்காரனுக்கு எந்தப் பக்கத்துச் சட்டை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன்,
உத்திரமேரூர்